வெளியிணைப்பு மோட்டாரின் எண்ணெய் எச்சரிக்கைக் காட்டிகள்

வெளியிணைப்பு மோட்டாரின் எண்ணெய் எச்சரிக்கைக் காட்டிகள் என்பன, படகின் பின்புறத்தில் பொருத்தப்படும் அவுட்போர்டு மோட்டாரில் உயவெண்ணெயின் அளவு, ஓட்டம், அழுத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று குறையும்போது அதனைப் படகோட்டிக்கு அறிவிக்கும் கருவிகள் ஆகும். இவ்வறிவிப்பு விளக்காகவோ, ஒலியாகவோ, காட்டித்திரையில் தோன்றும் எழுத்தாகவோ அமையலாம். பல மோட்டார்களில் இவை அறிவிப்பதோடு நில்லாமல் பொறியின் வேகத்தையும் தாமாகவே குறைத்துவிடுகின்றன.

மகிழுந்தின் எண்ணெய் விளக்கை அறிந்தவர்கள் இதனையும் அதுபோன்றதே எனக் கருதுவது வழக்கம். இது முழுமையாகச் சரியன்று. வெளியிணைப்பு மோட்டார்களுள் இருவீச்சுப் பொறிகளும் உண்டு, நால்வீச்சுப் பொறிகளும் உண்டு. இவ்விரண்டிலும் எண்ணெய் செல்லும் வழி வேறு. ஆகவே எச்சரிக்கையின் பொருளும் வேறு. ஒரே நிற விளக்கு ஒரு நிறுவனத்தின் மோட்டாரில் நலத்தையும் மற்றொரு நிறுவனத்தின் மோட்டாரில் ஆபத்தையும் குறிப்பதுண்டு.

எச்சரிக்கையின் தேவை

பொறியின் தாங்கிகளுக்கும் சுழலும் தண்டுக்கும் இடையிலும், பிஸ்டனுக்கும் உருளையின் சுவருக்கும் இடையிலும் மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. இப்படலம் உள்ளவரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. படலம் அறுந்தால் உராய்வு வெப்பம் ஏறி, பிஸ்டன் விரிந்து, உருளையின் சுவரில் கீறல் விழுந்து, முடிவில் பொறி இறுகி நின்றுவிடும். நிமிடத்துக்கு 5000 சுற்றுகள் என்னும் வேகத்தில் ஓடும் பொறி ஒரு நொடியில் 83 முறை சுற்றுகிறது. எச்சரிக்கை ஒலியைக் கேட்டு, "என்ன ஒலி இது?" என்று 10 நொடிகள் யோசிப்பதற்குள் 800 சுற்றுகளுக்கு மேல் கடந்துவிடும்.

தரையில் ஓடும் வண்டி பழுதானால் ஓரமாக நிறுத்தலாம். கடலில் அவ்வாறு நிறுத்த இடமில்லை. உந்துவிசையை இழந்த சிறு படகு தன் முனையை அலைக்கு எதிராக வைத்திருக்க இயலாமல் பக்கவாட்டில் திரும்பும். காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குச் செல்லும். பாறைக் கரைக்கு அருகில் இது படகை உடைக்கும். பாக்கு நீரிணை போன்ற ஒடுங்கிய கடற்பகுதியில், 1974 இலும் 1976 இலும் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லையைப் படகு தன் விருப்பமின்றியே கடந்துவிடவும் கூடும். எனவே ஒரு சிறு விளக்கின் பொருளைச் சரியாக அறிந்திருப்பது பொறியின் விலையோடு மட்டும் தொடர்புடையதன்று.

அளவு, ஓட்டம், அழுத்தம்

எண்ணெய்க் காட்டிகள் மூன்று வெவ்வேறு இயற்பியல் அளவுகளுள் ஒன்றை அளக்கின்றன. தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உள்ளது என்பது அளவு. அவ்வெண்ணெய் தொட்டியிலிருந்து பொறிக்குச் செல்கிறதா என்பது ஓட்டம். பொறியின் உள்வழிகளில் அது எவ்வளவு விசையோடு தள்ளப்படுகிறது என்பது அழுத்தம்.

அளவை உணர்வதற்குப் பெரும்பாலும் மிதவை பயன்படுகிறது. மிதவையில் ஒரு சிறு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் இறங்க மிதவையும் இறங்கி, காந்தம் ஓர் ஆளியை நெருங்கும்போது மின்சுற்று இணைகிறது. இது எளிய, மலிவான அமைப்பு. ஆனால் தொட்டி நிறைய எண்ணெய் இருந்து, குழாய் அடைபட்டிருந்தால் மிதவை அதனை அறியாது. தண்ணீர்த் தொட்டி நிறைந்திருப்பதால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் என்று உறுதி கூற முடியாததைப் போன்றதே இது. இதனால்தான் சில பொறிகளில் எண்ணெய் எக்கியின் தண்டு உண்மையில் சுழல்கிறதா என்பதைக் கண்காணிக்கும் தனி உணரியும் வைக்கப்படுகிறது.

அழுத்தத்தை உணர்வதற்கு ஒரு மெல்லிய தகடும் ஒரு சுருள்வில்லும் கொண்ட ஆளி பயன்படுகிறது. எண்ணெயின் அழுத்தம் தகட்டைத் தள்ளும். வில் அதனை எதிர்த்துத் தள்ளும். அழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இறங்கும்போது வில் வென்று மின்தொடர்பு மாறுகிறது. இவ்வாளி அழுத்தம் எவ்வளவு எனக் கூறுவதில்லை. வரம்புக்கு மேலா, கீழா என்று மட்டுமே கூறுகிறது. புதிய மோட்டார்களில் அழுத்தத்தை எண்ணாகவே அளந்து பொறிக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்பும் உணரிகள் உள்ளன. வேகத்துக்கேற்ப இருக்க வேண்டிய அழுத்தத்தோடு ஒப்பிட்டு எச்சரிக்க இது உதவுகிறது.

இருவீச்சுப் பொறிகளில்

அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909 இல் தம் மோட்டார்களை வணிக முறையில் விற்கத் தொடங்கினார். அக்காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வெளியிணைப்பு மோட்டார்களுள் மிகப்பெரும்பான்மை இருவீச்சுப் பொறிகளாகவே இருந்தன. இவற்றில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்குத் தண்டு உள்ள அறைக்குள் சென்று, அங்கிருந்து உருளைக்குள் செல்கிறது. கலவை செல்லும் வழியிலேயே தாங்கிகள் இருப்பதால் அங்கு எண்ணெய்த் தேக்கம் வைக்க இயலாது. எண்ணெயை எரிபொருளோடு கலந்தே அனுப்ப வேண்டும். அது தன் வேலையைச் செய்தபின் எரிபொருளோடு எரிந்து வெளியேறிவிடும். ஆகவே இருவீச்சுப் பொறியில் எண்ணெய் என்பது நாள்தோறும் தீரும் பொருள்.

எளிய மோட்டார்களில் படகோட்டியே கையால் எண்ணெயைக் கலக்கிறார். 50:1 என்னும் விகிதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 25 லிட்டர்க் கலனுக்கு அரை லிட்டர் எண்ணெய் வேண்டும். இத்தகைய மோட்டாரில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு இருப்பதில்லை. அளக்கத் தனியாக எண்ணெய் ஏதும் இல்லை.

பெரிய மோட்டார்களில் கைக்கலப்புக்கு மாற்றாக எண்ணெய் உட்செலுத்தும் அமைப்பு 1980களில் பரவியது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்து, வேகத்துக்கேற்ப ஓர் எக்கி அதனைப் பொறிக்கு அளந்து அனுப்பும். மெதுவாக ஓடும்போது குறைவாகவும் முழு வேகத்தில் மிகுதியாகவும் எண்ணெய் செல்வதால் புகை குறைந்தது, எண்ணெய்ச் செலவும் குறைந்தது. எண்ணெய் எச்சரிக்கைக் காட்டிகளின் தேவை உண்மையில் இங்குதான் பிறக்கிறது. கையால் கலப்பவர் கலக்க மறக்கலாம். ஆனால் எக்கி நின்றுபோனால் அதனை அறிய மனிதருக்கு வேறு வழியே இல்லை. பெட்ரோல் வந்துகொண்டிருக்கும் வரை பொறி எப்போதும்போல் ஓடும். எண்ணெயற்ற பெட்ரோல், எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிக்கொண்டு போகும்.

யமகா நிறுவனத்தின் பெரிய இருவீச்சு மோட்டார்களில் இரண்டு எண்ணெய்த் தொட்டிகள் உள்ளன. ஒன்று பொறியின் மூடிக்குள் இருக்கும் சிறு தொட்டி. மற்றொன்று படகினுள் வைக்கப்படும் பெரிய தொட்டி. சிறு தொட்டியில் எண்ணெய் இறங்கும்போது, பெரிய தொட்டியில் உள்ள மின் எக்கி அதனை நிரப்புகிறது. இவற்றில் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகளோ, சுழல்வேகமானியின் திரையில் மூன்று கட்டங்களோ இருக்கும். பச்சை எனில் இரு தொட்டிகளிலும் போதிய எண்ணெய் உள்ளது. மஞ்சள் எனில் படகிலுள்ள பெரிய தொட்டியை நிரப்ப வேண்டும். உடனடி ஆபத்து இல்லை. சிவப்பு எனில் பொறியின் மேலுள்ள தொட்டியே குறைந்துவிட்டது. அப்போது ஒலிப்பான் ஒலிக்கும். பொறியின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுகளாகக் கட்டுப்படுத்தப்படும்.

இங்கு வரிசையே ஒரு செய்தியைத் தருகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முறையாக வந்தால் படகோட்டி எண்ணெய் ஊற்றத் தவறிவிட்டார் என்று பொருள். மஞ்சள் வராமலேயே சிவப்பு வந்தால், பெரிய தொட்டியில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் அது மேலே ஏறவில்லை என்று பொருள். மின் எக்கியின் கம்பி அரித்திருக்கலாம், மின்கலம் வலுவிழந்திருக்கலாம், வடிகட்டியில் தண்ணீரோ அழுக்கோ அடைத்திருக்கலாம். இத்தகைய நேரத்துக்காகவே இம்மோட்டார்கள் பலவற்றில் ஓர் அவசர ஆளி உண்டு. அதனை அழுத்தி எண்ணெயை மேல் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டு கரை திரும்பலாம்.

மெர்க்குரி நிறுவனத்தின் பல இருவீச்சு மோட்டார்களிலும் இரண்டு தொட்டிகள் உண்டு. ஆனால் இங்கு மின் எக்கி இல்லை. பொறியின் கிராங்கு அறையில் உண்டாகும் காற்றழுத்தமே ஒரு குழாய் வழியாகப் படகிலுள்ள தொட்டிக்குச் சென்று எண்ணெயை மேலே தள்ளுகிறது. ஆகவே தொட்டியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் அழுத்தம் கசிந்து, எண்ணெய் ஏறாமல் நின்றுவிடும். தொட்டி நிறைய எண்ணெய் இருக்க, ஒலிப்பான் விட்டுவிட்டு ஒலிப்பதைக் கண்டு உணரியைக் குறை கூறுவோர் பலர். உண்மையில் மூடியை இறுகத் திருகுவதே பல நேரங்களில் தேவையான ஒரே பழுதுபார்ப்பு. படகிலுள்ள தொட்டி தீர்ந்தபின்னும் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடுவதற்கான எண்ணெய் மேல் தொட்டியில் இருக்கும்படி இவை வடிவமைக்கப்பட்டன. எச்சரிக்கை வந்தபின் கிடைக்கும் காலம், மேல் தொட்டியில் எஞ்சிய அளவைப் பொறுத்தது.

ஜான்சன், எவின்ரூட் என்னும் பெயர்களில் மோட்டார்களை விற்ற அவுட்போர்டு மெரைன் கார்ப்பரேசன், 1984 ஆம் ஆண்டு மோட்டார்களில் வி.ஆர்.ஓ எனப்பட்ட மாறு விகித எண்ணெய் ஊட்டும் முறையை அறிமுகப்படுத்தியது. எரிபொருள் எக்கியும் எண்ணெய் எக்கியும் ஒரே கருவியாக அமைந்தது இதன் சிறப்பு. இவற்றில் இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள் உண்டு. எண்ணெய் குறைவு என்பது தொட்டியில் ஏறத்தாழ கால் பங்கே எஞ்சியுள்ளது என்பதைக் குறிக்கும். எண்ணெய் இல்லை என்பது எக்கிக்கு எண்ணெய் வந்துசேரவில்லை என்பதைக் குறிக்கும். முன்னது அளவைப் பற்றியது. பின்னது ஓட்டத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே விளக்கால் காட்டாமல் பிரித்தது நல்ல வடிவமைப்பு எனலாம். எனினும் இவ்வமைப்பின் மீது நம்பிக்கை கொள்ளாத பலர் எண்ணெய்க் குழாயை அடைத்துவிட்டு, பழையபடி கையால் கலக்கலாயினர். அந்நிறுவனம் 2000 டிசம்பரில் நொடிப்புக்கு உள்ளாயிற்று. எவின்ரூட் பெயரைப் பின்னர் வாங்கிய நிறுவனமும் 2020 இல் அம்மோட்டார்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் அம்மோட்டார்கள் இன்னும் பல நாடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் விளக்குகளைப் படிக்க அறிந்திருப்பது இன்றும் தேவைப்படுகிறது.

நால்வீச்சுப் பொறிகளில்

ஹோண்டா நிறுவனம் 1964 இலேயே நால்வீச்சு வெளியிணைப்பு மோட்டாரை வெளியிட்டது. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996 இல் வகுத்த புகை விதிகள் 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோதுதான் நால்வீச்சுப் பொறிகள் பெருமளவில் இடம்பிடித்தன.

நால்வீச்சுப் பொறியில் எண்ணெய் எரிபொருளோடு கலப்பதில்லை. அது ஒரு தேக்கத்தில் தங்கி, எக்கியால் தள்ளப்பட்டு, தாங்கிகளுக்குச் சென்று, மீண்டும் தேக்கத்துக்குத் திரும்புகிறது. இங்கு முதன்மையாகக் கண்காணிக்கப்படுவது அழுத்தம். எக்கி பொறியாலேயே சுழற்றப்படுவதால் வேகம் ஏற அழுத்தமும் ஏறும்; எண்ணெய் சூடேறி இளகினால் அழுத்தம் இறங்கும். நன்கு சூடேறிய பொறி மெதுவாக ஓடும்போதுதான் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். முழு வேகத்தில் வராத எச்சரிக்கை, துறைமுகத்துக்குள் மெதுவாக நுழையும்போது வருவதற்கு இதுவே காரணம். இது பெரும்பாலும் எண்ணெய் மெலிந்துவிட்டது அல்லது தாங்கிகள் தேய்ந்துவிட்டன என்பதன் முதல் அறிகுறி, பொருட்படுத்தாமல் விடத்தக்கதன்று.

விளக்கின் நிறத்தைப் பற்றிய பெரிய குழப்பம் இவ்வகையில்தான் உள்ளது. யமகாவின் சிறிய நால்வீச்சு மோட்டார்களில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஹோண்டா மோட்டார்கள் பலவற்றிலோ அழுத்தம் சரியாக இருக்கும்வரை பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் அது அணைந்துவிடும். ஒன்றில் விளக்கு தோன்றுவது ஆபத்து. மற்றொன்றில் விளக்கு மறைவது ஆபத்து. ஒரு மோட்டாரில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது, எரியும் பச்சை விளக்கைக் கண்டு பதறுவதும், அணைந்த விளக்கைக் கண்டு அமைதியடைவதும் நடக்கக்கூடியவை.

பொறியியல் நோக்கில் இரண்டாவது முறைக்கு ஒரு நன்மை உண்டு. எரிந்தால் ஆபத்து என்னும் முறையில், விளக்கு பழுதானாலும் கம்பி அறுந்தாலும் எல்லாம் நலமாக இருப்பதுபோலவே தோன்றும். எரிந்தால் நலம் என்னும் முறையில், அதே பழுது ஆபத்தைப் போலத் தோன்றும். படகோட்டி நிறுத்திப் பார்ப்பார். பழுதுபடும்போது பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பது கருவி வடிவமைப்பில் நெடுங்காலமாக உள்ள கொள்கை. ஆனால் கடும் வெயிலில் ஒரு சிறு விளக்கு அணைந்ததைக் கவனிப்பது, எரிவதைக் கவனிப்பதை விடக் கடினம். இதனாலேயே ஒலிப்பானும் வேகக் குறைப்பும் துணையாகச் சேர்க்கப்படுகின்றன.

அழுத்த விளக்கு எண்ணெயின் அளவைக் கூறாது என்பதை மீண்டும் குறிப்பிட வேண்டும். அரை லிட்டர் குறைந்திருந்தாலும் எக்கியின் வாய் எண்ணெயில் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் இயல்பாகவே இருக்கும். அலையில் படகு சாய்ந்து எக்கி காற்றை உறிஞ்சும்போதுதான் விளக்கு கண்சிமிட்டும். ஆகவே அளவுக்கோலை எடுத்துப் பார்ப்பதற்கு விளக்கு மாற்றாகாது. பார்க்கும்போது மோட்டார் செங்குத்தாக இருக்க வேண்டும். ஓடி நின்ற சில நிமிடங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். மோட்டாரைச் சாய்த்து வைத்திருந்து உடனே இறக்கிப் பார்த்தால், மேற்பகுதியில் தங்கிய எண்ணெய் கீழிறங்கியிராது. அளவு குறைவாகத் தோன்றும். அதனை நம்பி மேலும் ஊற்றுவோர் உண்டு. மிகுதியான எண்ணெய் கடைபட்டு நுரைத்தால், காற்றுக் குமிழ்கள் கலந்த எண்ணெய் போதிய அழுத்தத்தைத் தராது. எண்ணெய் கூடியதாலேயே எண்ணெய்க் குறைவு எச்சரிக்கை வரும் விந்தை இவ்வாறு நிகழ்கிறது.

அளவுக்கோலில் எண்ணெய் தானாகவே ஏறியிருப்பதும் ஒரு செய்தி. நீண்ட நேரம் மெதுவாக, குளிர்ந்த நிலையிலேயே ஓடும் பொறியில் எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் பெட்ரோல் மணம் வீசினால் இதுவே காரணம். எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இவ்விரண்டையும் விளக்கு நெடுநேரம் அறியாது. அழுத்தம் இறங்கும் அளவுக்கு எண்ணெய் கெட்டபின்தான் அறியும்.

ஒலிகளின் பொருள்

பெரும்பாலான மோட்டார்களில் எண்ணெய்க் குறைவுக்கும் பொறி மிகுதியாகச் சூடேறுவதற்கும் ஒரே ஒலிப்பான்தான் உள்ளது. ஆகவே ஒலியின் ஒழுங்கைக் கேட்டு அறிய வேண்டும். மெர்க்குரியின் பழைய இருவீச்சு மோட்டார்களில் விட்டுவிட்டு ஒலித்தால் எண்ணெய், தொடர்ந்து ஒலித்தால் வெப்பம். பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் நெடிய இடைவெளிவிட்டு ஒரு சிறு ஒலி வந்தால் தொட்டியில் எண்ணெய் குறைவு. நொடிக்கு ஒன்றாக வேகமாக ஒலித்தால் எண்ணெய் வரவில்லை. இடைவிடாமல் ஒலித்தால் வெப்பம் மிகுந்துவிட்டது. பின்னர் வந்த அவர்களது நான்கு விளக்குக் காட்டியில் ஒலி 10 நொடிகள் மட்டுமே வரும். எதற்காக ஒலித்தது என்பதை உரிய விளக்கு காட்டும். ஹோண்டாவில் இரண்டுக்கும் தொடர் ஒலியே. விளக்கைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

விளக்கும் ஒலியும் குழப்பினால் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரின் பின்புறத்தில் பீறிடும் மெல்லிய நீர்த்தாரை. அது குளிர்விக்கும் நீர் ஓடுகிறதா என்பதைக் காட்டுவது. தாரை நின்றிருந்தால் வெப்ப எச்சரிக்கை எனக் கொள்ளலாம். தாரை வலுவாக இருந்தால் எண்ணெயின் பக்கம் ஐயம் கொள்வது முறை.

சாவியைத் திருப்பும்போது ஒலிப்பான் ஒருமுறை ஒலித்து நிற்பதும், விளக்குகள் எரிந்து அணைவதும் பல மோட்டார்களில் உள்ள தன்சோதனை. மேற்கூறிய நான்கு விளக்குக் காட்டியில் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரிந்து, பின் ஒவ்வொன்றாக அணையும். தன்சோதனை நிகழாத நாளில் எச்சரிக்கையே இல்லாத மோட்டாரோடு கடலுக்குப் போகிறோம் என்று பொருள்.

வேகக் கட்டுப்பாடு

எச்சரிக்கையோடு பொறியின் வேகம் தாமாகக் குறைவது பொறியைக் காக்கும் ஏற்பாடு. சில உருளைகளுக்குத் தீப்பொறி செல்வதைத் தடுத்தோ, எரிபொருளைக் குறைத்தோ இது செய்யப்படுகிறது. அறியாதவருக்குப் பொறி திடீரென நடுங்கி வலுவிழந்ததுபோல் தோன்றும். எரிபொருள் பழுது என எண்ணி விசைப்பிடியை மேலும் முறுக்குவர். அதனால் பயனில்லை. முதலில் வேகத்தை முற்றாகக் குறைக்க வேண்டும். காரணம் நீங்கும்வரை பல மோட்டார்கள் கட்டுப்பாட்டை விடுவிப்பதில்லை.

இவ்வேற்பாடு எப்போதும் படகோட்டியின் பக்கம் நிற்பதாகக் கூற முடியாது. முகத்துவாரத்தில் உடையும் அலைகளுக்கு இடையே வெளியேறும் படகுக்கு அந்த ஒரு நிமிட வேகமே உயிர். அங்கு பொறி தன்னைக் காத்துக்கொண்டால் படகு கவிழலாம். இதற்குத் தீர்வு கம்பியை அறுப்பதன்று. எண்ணெயின் அளவை அலை தாண்டும் முன்பே, கரையில், கண்ணால் பார்த்துக்கொள்வதே தீர்வு.

எச்சரிக்கை வந்தால்

வேகத்தைக் குறைத்து, படகைப் பாதுகாப்பான இடத்துக்குத் திருப்பி, இயன்றவரை விரைவில் பொறியை நிறுத்த வேண்டும். ஆழம் அனுமதித்தால் நங்கூரம் இடுவது நல்லது. அதன்பின் செய்யவேண்டியது பொறியின் வகையைப் பொறுத்தது.

இருவீச்சுப் பொறியில் தொட்டியை நிரப்பி, மூடியை இறுக்கி, குழாய்களைப் பார்த்தபின் மீண்டும் தொடங்கலாம். எக்கியே பழுதாகியிருந்தாலும் வழி உண்டு. பெட்ரோல் கலனில் 50:1 விகிதத்தில் எண்ணெயைக் கையால் கலந்து, மெதுவாகக் கரை திரும்பலாம். கையிருப்பில் ஒரு லிட்டர் இருவீச்சு எண்ணெய் 50 லிட்டர் பெட்ரோலுக்குப் போதும். காபரேட்டர் உள்ள பொறிகளுக்கே இது பொருந்தும். எரிபொருளை நேரடியாக உருளைக்குள் பீச்சும் இருவீச்சுப் பொறிகளில் பெட்ரோல் கிராங்கு அறை வழியாகச் செல்வதே இல்லை. அதில் கலந்த எண்ணெய் தாங்கிகளை அடையாது. அவற்றின் எண்ணெய் எக்கி நின்றால் பொறியை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நால்வீச்சுப் பொறியில் அளவுக்கோலைப் பார்த்துக் குறைந்திருந்தால் ஊற்றலாம். தொடங்கிய சில நொடிகளில் எச்சரிக்கை நீங்காவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். அளவு சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையெனில் எக்கியோ, உறிஞ்சு வலையோ, தாங்கியோ பழுதாகியிருக்கலாம். அதனைக் கடலில் சரிசெய்ய இயலாது. துடுப்பையோ மற்றொரு படகின் கயிற்றையோ நாடுவதே முறை.

ஊற்றும் எண்ணெயும் உரியதாக இருக்க வேண்டும். நீரால் குளிரும் இருவீச்சு மோட்டார்களுக்கான எண்ணெய்க் கலன்களில் டி.சி-டபிள்யூ3 என்னும் குறியும், நால்வீச்சு வெளியிணைப்பு மோட்டார்களுக்கானவற்றில் எஃப்.சி-டபிள்யூ என்னும் குறியும் இருக்கும். முன்னது சாம்பல் விடாத வகை. மோட்டார்சைக்கிளின் இருவீச்சு எண்ணெயை ஊற்றினாலும் மிதவை மிதக்கும், விளக்கு அணையும். ஆனால் அதிலுள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து தீப்பொறிச் செருகியிலும் பிஸ்டனிலும் படியக்கூடும். எண்ணெயின் தரத்தை எந்த உணரியும் அளப்பதில்லை.

பொய் எச்சரிக்கைகள்

உப்பு நீரும் மின்தொடர்புகளும் ஒத்துப்போவதில்லை. உணரியின் இணைப்பு அரித்தாலோ, கம்பியின் உறை உரிந்து பொறியின் உடலைத் தொட்டாலோ காரணமின்றி ஒலிப்பான் ஒலிக்கும். மிதவையில் பிசின் ஒட்டி அது கீழேயே நின்றுவிடுவதும் உண்டு. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், அலை குலுக்கும்போது மட்டும் வந்து மறையும் ஒலி இத்தகையதாக இருக்கலாம். எனினும் அதனைப் பொய் என்று முடிவு செய்யும் உரிமை, எண்ணெயின் அளவையும் ஓட்டத்தையும் நேரில் பார்த்து உறுதி செய்தவருக்கே உண்டு. அழுத்தத்தைப் பொறுத்தவரை, ஆளியைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதே ஐயம் நீக்கும் வழி.

சிலமுறை பொய்யாக ஒலித்த ஒலிப்பானின் கம்பியைப் பிடுங்கிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பழைய மோட்டாரை வாங்குவோர் முதலில் சோதிக்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. அமைதியாக ஓடும் மோட்டார் நலமாக உள்ளதா, அல்லது வாய் கட்டப்பட்டுள்ளதா என்பது உணரியின் கம்பியைத் தரைமின் இணைப்பில் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒலி வந்தால் ஒலிப்பானும் கம்பியும் உயிரோடு உள்ளன.

காட்டிகள் இல்லாத மோட்டார்கள்

தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகியவற்றின் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகளோடு பயன்படும் சிறிய இருவீச்சு மோட்டார்கள் பல இக்கட்டுரையில் கூறிய விளக்குகள் ஏதும் இல்லாதவை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் துயர்துடைப்பாக வழங்கப்பட்ட படகுகளுள்ளும் இத்தகைய மோட்டார் பூட்டியவை இருந்தன. இவற்றுள் மண்ணெண்ணெயில் ஓடுபவை பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டு, நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்பப்படுகின்றன. பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டிலும் எண்ணெய் கலந்திருக்க வேண்டும்; ஒன்றில் கலந்து மற்றொன்றில் மறப்பது எளிதில் நேரக்கூடிய தவறு. கலந்த எரிபொருள் எண்ணெயின் சாயத்தால் நிறம் மாறியிருக்கும். வெறும் பெட்ரோலையும் கலந்த பெட்ரோலையும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். எண்ணெய் குறைந்த பொறியின் ஓசை மாறி, வலு தளர்ந்து, இழுவை கூடுவதைப் பழகியவர்கள் கையாலேயே உணர்வர். ஆனால் அவ்வுணர்வு கிட்டும்போது உருளையில் கீறல் தொடங்கியிருக்கும்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியில், சுழலிக்கு மேலுள்ள பற்சக்கரப் பெட்டியிலும் தனி எண்ணெய் உண்டு. பெரிய மோட்டார்கள் பலவற்றிலும் இதற்கு விளக்கோ ஒலியோ இல்லை. கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்தி, வெளிவரும் முதல் துளி தெளிவாக உள்ளதா, பாலைப்போல் வெளுத்துள்ளதா, அல்லது தண்ணீராகவே வருகிறதா என்று பார்த்தே இதன் நிலையை அறிய வேண்டியுள்ளது.